நின்ற வண்டியை நிறுத்தி வைப்பது

ஓடுகின்ற வண்டியை நிறுத்துவது ஒரு கலை. நின்றுவிட்ட வண்டியை நின்ற இடத்திலேயே இருத்தி வைப்பது வேறொரு கலை. முன்னதைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். பின்னதை, வண்டி தானாகச் சரிவில் உருளத் தொடங்கும் வரையில் எண்ணிப் பார்ப்பதே இல்லை. மும்பையிலும் புனேயிலும் பெங்களூருவிலும் சிறு சரக்கு வண்டி வைத்துத் தொழில் நடத்தும் நம்மவர் பலர். அவர்களுக்குப் பயன்படும் என்று கருதி, இக்கலையின் வரலாற்றைத் திருவனந்தபுரத்தில் தொடங்குகிறோம். மேடும் பள்ளமுமாக அமைந்த அந்நகரில், தட்டையான தெருவைத் தேடி வண்டியை நிறுத்துவது எளிதன்று.

1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறையை மகாராஜா சித்திரைத் திருநாள் தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ. ஜி. சால்ட்டர் என்பவர் அதற்குக் கண்காணிப்பாளராக வரவழைக்கப்பட்டிருந்தார். காமர் நிறுவனத்தின் அடிச்சட்டங்களையும் பெர்க்கின்ஸ் டீசல் இயந்திரங்களையும் கொண்டு, சாக்கையில் இருந்த பட்டறையில் பேருந்துகளுக்கு உடல் கட்டப்பட்டது. தொடக்க நாளன்று மகாராஜாவை ஏற்றிக்கொண்டு முதற் பேருந்தைச் சால்ட்டரே ஓட்டினார். முதற் சேவை கன்னியாகுமரிக்கு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டோடு இணைந்த தென் தாலுக்காக்களின் மக்கள், எல்லை பிரிவதற்கு முன்பே அரசுப் பேருந்தின் சுகத்தை அறிந்தவர்கள்.

அதற்கும் முன்னே மாட்டு வண்டிக் காலத்தில் ஏற்றத்தில் மாடுகள் களைத்து நின்றால், வண்டிக்காரன் முதலில் செய்வது சக்கரத்தின் பின்னால் ஒரு கல்லையோ கட்டையையோ அண்டை கொடுப்பதுதான். முட்டுக்கட்டை என்ற சொல்லை இன்று நாம் வசையாக்கிவிட்டோம். மலைப்பாதையில் சரக்கு ஏற்றிச் சென்றவனுக்கு அது உயிர்காத்த பொருள்.

மோட்டார் வண்டி வந்தபின் கம்பியும் நெம்புகோலும் அந்த வேலையை ஏற்றன. பிறகு திரவம் வந்தது. மூடிய கலத்தில் உள்ள திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டறிந்தார். அந்த உண்மையை அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் சக்கரத்துக்குக் கொண்டு சென்றார். 1921-இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவப் பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. காலால் மிதித்த மிதி, குழாய் வழியே நான்கு சக்கரங்களையும் ஒருங்கே பற்றியது.

மிதித்த காலை எடுத்தால் பிடி தளர்ந்துவிடும். ஆகவே, மிதித்த அழுத்தத்தைக் குழாயிலேயே சிறைப்படுத்தினால் என்ன என்று எண்ணியவர்கள் கண்டதே பிரேக் குழாய்ப் பூட்டு. முதன்மைச் சிலிண்டருக்கும் சக்கரங்களுக்கும் இடையே ஒரு வால்வு. மிதியை அழுத்தி, அந்த வால்வை மூடிவிட்டுக் காலை எடுத்தால் சக்கரங்கள் பற்றியபடியே இருக்கும். அடிக்கடி நின்று நின்று சரக்கு இறக்கும் வண்டிகளுக்குப் பெரிய உதவி. பந்தயக்காரர்கள் இதே கருவியால் முன்சக்கரங்களைப் பூட்டிப் பின்சக்கரங்களைச் சுழற்றி டயரைச் சூடேற்றுகிறார்கள். அது வேறு கதை.

ஆனால் சிறைப்பட்ட திரவம் நம்பத்தக்க காவலாளியா? இதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைத் திருவனந்தபுரமே வைத்திருக்கிறது.

1963 நவம்பர் 21. நகருக்கு அருகே தும்பாக் கடற்கரையில் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் புறப்பட வேண்டிய மாலை. புவியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால் அந்த மீனவக் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. புனித மரிய மக்தலேனா தேவாலயமே பணிமனையாயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட்டை அங்கே பூட்டி, லாரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டு சென்றார்கள். ஏவுதாங்கியில் வைப்பதற்காகக் கிரேன் அதைத் தூக்க முற்பட்டபோது ராக்கெட் சாயத் தொடங்கிற்று. கிரேனின் திரவ அமைப்பில் கசிவு! பழுது பார்க்க நேரமில்லை. கூடியிருந்தவர்கள் தங்கள் கைவலிமையாலேயே அதைத் தூக்கி ஏவுதாங்கியில் அமர்த்தினார்கள். ராக்கெட்டின் இணைப்புக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பாயிருந்த இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம் இதனைத் தம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் பதிந்திருக்கிறார். மாலை 6.25-க்கு அது கிளம்பிற்று. அந்தி வானில் பரவிய சோடியம் ஆவியின் செம்மஞ்சள் மேகம் தமிழகத்தின் தென்கோடியிலும் தெரிந்தது.

எரிபொருள் நிறைந்த ராக்கெட்டைத் தாங்கியிருந்ததும் குழாய்க்குள் அடைபட்ட திரவமே, பிரேக் பூட்டு நம்பியிருப்பதும் அதுவே. ரப்பர் வளையம் ஒன்று சற்றே தேய்ந்தாலும் துளித்துளியாய்ப் பிடி தளரும். கசிவே இல்லாவிடினும், இறக்கத்தில் சூடேறிய திரவம் குளிரும்போது சுருங்கி அழுத்தம் குறையும். வண்டி நின்றவுடன் உறுதியாகத் தோன்றும். ஓட்டுநர் தேநீர் அருந்தித் திரும்புவதற்குள் அது நகரலாம். பின்னால் நின்று மூட்டை இறக்குபவன் நிலையை எண்ணிப் பாருங்கள்.

எதிர்த்திசையில் சிந்தித்தவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1869-இல் அவர் இரயிலுக்குக் கண்ட காற்றுப் பிரேக்கில் காற்றுத் தீர்ந்தால் பிடியும் தீர்ந்தது. 1872-இல் அதைத் தலைகீழாக்கினார்: குழாயில் காற்று குறைந்தால் பிரேக் தானே பற்றும். இன்றைய கனரக லாரிகளின் நிறுத்தப் பிரேக்கிலும் இதே நியாயம்தான். அங்கே வில்சுருள் சக்கரத்தைப் பற்றியிருக்கிறது. காற்று அதை விடுவிக்க மட்டுமே வருகிறது. பழுது நேரும்போது வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே கேள்வி. குழாய்ப் பூட்டு பழுதானால் வண்டி ஓடும் பக்கமே சாய்கிறது என்பது நம் துணிபு.

எனவே, கைப்பிரேக்குக்குத் துணையாக இதைப் பொருத்தலாம். கைப்பிரேக்குக்குப் பதிலாகப் பொருத்துவது தகாது. சறுக்கல் தடுக்கும் மின்னணு அமைப்புடைய புதிய வண்டியில் தயாரிப்பாளரின் இசைவின்றிக் குழாயை வெட்டவே கூடாது. பழைய வண்டியாயினும் தேர்ந்த மெக்கானிக்கிடமே ஒப்படையுங்கள். குழாய் முனைகள் இருமடிப்பாக விரிக்கப்பட வேண்டும். சாதாரணச் செப்புக் குழாய் உதவாது. வண்டிக்கு விதித்த பிரேக் திரவத்தை, அப்போது திறந்த புட்டியிலிருந்து ஊற்ற வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இயந்திர எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். பின்னர் நான்கு சக்கரங்களிலும் காற்றை முற்றிலும் வெளியேற்ற வேண்டும். வேலை முடிந்ததும் வண்டியைச் சிறு சரிவில் நிறுத்துங்கள். சக்கரத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி முட்டுக்கட்டை வைத்து, சரிவின் கீழ்ப்புறம் எவரும் நில்லாதபடி பார்த்துக்கொண்டு, பூட்டைப் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து, கட்டையோடு சக்கரம் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.