நிழல் விழாத முகம்: பரோக் ஓவியமும் கரிசல் நாடும்

ஐரோப்பியக் கலை வரலாற்றில் வழங்கும் ‘பரோக்’ என்னும் சொல், உருண்டை திரளாத கோணல் முத்தைக் குறித்த ‘பரோக்கோ’ என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது பெரும்பாலோர் கொள்கை. அச்சொல்லை ஆண்ட பழைய நூல்களுள் ஒன்று, கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துக்கீசிய மருத்துவர் இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி எழுதி 1563இல் கோவாவில் அச்சிட்ட நூலாகும். அதே ஆண்டு டிசம்பரில் வட இத்தாலியின் திரெந்து நகரில் கூடியிருந்த கத்தோலிக்கப் பொதுச்சங்கம், திருவுருவங்களை மறுத்த சீர்திருத்தக்காரர்களுக்கு விடையாக, படங்கள் கோவிலில் இருக்க வேண்டும் என்றும் அவை எழுத்தறியாதாருக்குக் கற்பிப்பதோடு காண்போரின் பக்தியையும் தூண்ட வேண்டும் என்றும் விதித்தது. நெஞ்சைத் தூண்டும் ஓவியம் எப்படி இருக்கும் என்ற வினாவுக்கு 1600ஐ ஒட்டி ரோமாபுரியில் கிடைத்த விடையே பரோக் ஓவியம். விலகும் திரைச்சீலை, கூரையைப் பிளந்து இறங்கும் மேகம், அதில் மிதக்கும் வானவர், பாதி இருளில் மூழ்கிப் பாதி ஒளியில் எழும் முகம் ஆகியவை அதன் அடையாளங்கள். கடைசியாகச் சொன்ன ஒளிநிழல் உத்தியை இத்தாலியர் ‘கியாரோஸ்குரோ’ என்பர். ஓவியர் கரவாஜ்யோ (1571–1610) அதை உச்சத்துக்குக் கொண்டுசென்றார்.

இந்தப் பாணியைக் கடல் கடத்தியவர்களுள் முதன்மையானவர்கள் இயேசு சபைத் துறவிகள். 1580இல் அவர்கள் ஃபத்தேப்பூர் சிக்ரிக்குச் சென்று, ஆண்ட்வெர்ப்பில் அச்சான, படங்கள் கொண்ட விவிலியத்தை அக்பருக்கு அளித்தனர். அவ்வாறு தொடங்கிய ஐரோப்பியப் படங்களின் வரத்தால், ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் பிசித்ர் பேரரசரின் தலைக்குப் பின்னே ஒளிவட்டத்தையும் காலடியில் சிறகு முளைத்த பாலகரையும் தீட்டும் அளவுக்கு முகலாய ஓவியம் மாறியது. 1715இல் பீக்கிங் சென்றடைந்த இயேசு சபை ஓவியர் ஜுசெப்பே காஸ்திலியோனே சீனப் பட்டில் சீன வண்ணங்களைக்கொண்டு அரச முகங்களை எழுதினார். முகத்தில் நிழல் விழுவதை அரண்மனை விரும்பாததால், ஒளி நேர் எதிரிலிருந்து விழுவதாக அமைத்துக்கொண்டார். பெரு நாட்டின் குஸ்கோ நகர ஓவியர் இருளைக் கைவிட்டு, அன்னை மரியின் ஆடை முழுவதும் பொன் பூவேலை இட்டனர். அவர்களுள் மார்க்கோஸ் சபாத்தா, இயேசுவின் இறுதி விருந்துத் தட்டில் அந்த மலைநாட்டார் உண்ணும் கினிப்பன்றியையே வைத்துவிட்டார். இந்நாடுகளின் ஓவியர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும் திரையையும் மேகத்தையும் ஒளியையும் ஏற்றுக்கொண்டு, முகத்தின் மேல் விழும் இருளை மட்டும் அவர்கள் திருப்பியனுப்பினர். பரோக் உலகெங்கும் பரவியது என்று எழுதுவோர் இந்த மறுப்பைப் போதிய அளவு கவனிப்பதில்லை.

தென் தமிழகத்தில் சங்கரன்கோவிலைச் சூழ்ந்த கரிசல் நாட்டுக்கு இந்தக் கலை முதலில் வண்ணமாக வரவில்லை, சொல்லாக வந்தது. வட இத்தாலியில் 1680இல் பிறந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், 1711ஐ ஒட்டி மதுரை மிஷனுக்கு வந்து, கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள குருக்கள்பட்டியில் அவர் சிறைப்பட்டதாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பின்னாளில் அவர் 3,615 பாடல்களில் இயற்றிய தேம்பாவணி, பரோக் காலத்து ஐரோப்பாவில் வழிபாடு பெருகிய புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டது. ஆகிர்தா ஊர் மரியா என்ற ஸ்பானியத் துறவியின் நூலைத் தழுவிய பகுதிகளும் அதில் உண்டு. கோணான்குப்பம் பெரியநாயகி மாதாவின் உருவத்தைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் வரையச் செய்து, அதைப் பார்த்துச் சிலை வடித்துத் தருமாறு மணிலாவுக்கு அனுப்பினார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. இத்தாலியத் துறவியின் வேண்டுகோள், பிலிப்பைன்சின் கைவினை, தமிழ்ச் சேலைக்கட்டு ஆகிய மூன்றும் அந்தச் செய்தியில் ஒன்றுசேர்கின்றன.

வண்ணம் வந்த வழி வேறு. அது கோவில் வழியன்று, கொட்டகை வழி. ஆழம் தோன்ற எழுதிய அரண்மனைத் திரை, பக்கவாட்டில் அடுக்கிய தட்டிகள், மேலிருந்து இறங்கும் மேகம் ஆகியவற்றைக்கொண்ட மேடை பரோக் காலத்து இத்தாலி வளர்த்தெடுத்தது. அதன் தொலைதூர வாரிசு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள் வழியே தமிழ் நாடகக் கம்பெனிகளை வந்தடைந்தது. அத்திரைகளுக்குச் சீன் என்றும், அவற்றைத் தீட்டுவதற்குச் சீன் எழுதுவது என்றும் பெயர். இதற்கிடையே ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், ஐரோப்பியக் கல்விக்கூடப் பாணியில் அமைந்த தெய்வப் படங்களை வீட்டுச் சுவர்களில் ஏற்றியிருந்தது.

இவ்விரு மரபும் சந்தித்த இடம், சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள கோவில்பட்டி. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, சில காலம் ரமணாசிரமத்தில் இருந்து, பின்னர் நாடகக் கம்பெனியில் சீன் எழுதிவந்த சி. கொண்டையராஜு (1898–1976), 1940களின் தொடக்கத்தில் அக்கம்பெனி அவ்வூரில் கலைந்தபோது அங்கேயே தங்கிவிட்டார். அருகில் சிவகாசி இருந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சீட்டு அச்சிட்டுப் பழகிய அச்சகங்கள் காலண்டருக்குப் படம் தேடின. கொண்டையராஜுவும் டி.எஸ். சுப்பையா முதலிய மாணவர்களும் எழுதிய தெய்வங்கள் அவ்வழியே நாடெங்கும் சென்றன. அப்படங்களில் திரை விலகியிருக்கும், தூண்கள் உள்வாங்கி ஆழம் காட்டும், மேகம் தவழும். உடலின் திரட்சியைக் காட்டும் மென்சாயை உண்டு, ஆனால் தெய்வத்தின் முகத்தை மறைக்கும் இருள் மருந்துக்கும் இராது. தரிசனம் என்பது பக்தர் பார்ப்பது மட்டுமன்று, தெய்வமும் பார்ப்பது; நிழலில் இருக்கும் கண்ணால் அது கூடாது. நவீன ஓவியர் சிலர் இதைத் திறமைக் குறைவு என்று ஒதுக்கினர். நாடகத் திரையில் இருளை எழுதத் தெரிந்த கை, சாமி படத்தில் அதை வேண்டாமென்று விட்டது என்று கொள்வதே பொருந்தும்.

சங்கரன்கோவிலின் மூர்த்தமே இதற்கு நல்ல உரைகல். சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வழக்காடியதாகவும், கோமதியம்மன் தவமிருந்ததன் பயனாக இருவரும் சங்கரநாராயணர் என்ற ஓருருவாகக் காட்சி தந்ததாகவும் தலபுராணம் கூறும். ஆடித்தபசு விழா அதன் நினைவாகவே நடக்கிறது. சங்கரநாராயணரின் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். படத்தில் எழுதும்போது வலப்பாதி வெளிர்நிறமும் இடப்பாதி நீலமும் பெறும். இவ்வுருவத்துக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி பாய்ச்சி மறுபக்கத்தை இருளில் விட்டால், எது நிழல், எது நெடுமாலின் நிறம் என்பது தெரியாமல் போகும். ஒளிபெற்ற தெய்வம் பெரியது, இருளில் நின்ற தெய்வம் சிறியது என்ற பொருளும் ஏறி, நாகர் இருவரின் பழைய வழக்கு மீண்டும் தொடங்கிவிடும். ஆகவே கரவாஜ்யோவின் உத்தி இந்த மூர்த்தத்துக்கு ஆகாது. மேகமும் ஒளிவட்டமும் ஆகும்.

நாடகக் கம்பெனிகளின் சீன்களில் பெரும்பாலானவை மட்கிப்போயின. காலண்டர்ப் படங்கள் ஆண்டுதோறும் தை மாதத்துக்குள் ஆணியிலிருந்து இறங்கிவிடுகின்றன. படத்தின் அடியோரத்தில் ஓவியர் கையெழுத்தோ அச்சகத்தின் பெயரோ உள்ள பழைய காலண்டர் வீட்டுப் பரணில் கிடந்தால், அதை எடைக்குப் போடாமல் எடுத்துவைப்பது நல்லது.