சீட்டில் இல்லாத பெயர்

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், தன் கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பசை தடவி ஒட்டிக்கொண்டு வந்தான். இறக்கை ஒன்று பாதி கிழிந்திருந்தது. எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. “லாத்தா பிடித்துத் தந்தது, ஹஜ்ரத்” என்றான். நோட்டின் மேலுறையிலோ அவன் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

அந்த நோட்டு என் நினைவை விட்டு அகலவில்லை. வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் தேடிப் பிடித்து, பதப்படுத்தி, பெட்டியில் அடுக்கிவைக்கும் கலையின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அம்மாணவனின் விடை காதில் ஒலிக்கிறது. அதன் காரணத்தை விளக்கவே இக்கட்டுரை.

ஃபராஷ் என்னும் சொல்

அரபு மொழியில் இவ்விரு இனத்தையும் ‘ஃபராஷ்’ என்னும் ஒரே சொல் குறிக்கும். இரவில் விளக்கைச் சுற்றி வந்து தீயில் விழுந்து மாய்கின்ற பூச்சியே பண்டைய அரபியரின் எண்ணத்தில் முந்தி நின்றது. அல்காரிஆ அத்தியாயத்தில் மறுமை நாளின் மனிதக் கூட்டத்துக்குச் சிதறிப் பறக்கும் ஃபராஷ் உவமையாக வருவதை நாம் அனைவரும் அறிவோம். ஹிஜ்ரீ 255இல் மறைந்த அல்ஜாஹிழ் தம் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில் உயிரினங்களைக் கூர்ந்து நோக்கி எழுதினார். ஹிஜ்ரீ 808இல் மறைந்த தமீரீ அவர்கள் உயிரினங்களை அகர வரிசையில் தொகுத்த நூலில் ஃபராஷுக்கும் இடமளித்தார்கள். உற்று நோக்குவது நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஆனால் பூச்சியைப் பிடித்து, ஊசியில் நிறுத்தி, இடமும் நாளும் குறித்துச் சேமிக்கும் முறை ஐரோப்பாவில்தான் பதினேழாம் நூற்றாண்டு தொடங்கி வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்காகவும், சிலருக்குப் பிழைப்பாகவும் ஆயிற்று.

அந்தச் சிலருள் ஒருவர்தாம் ஆங்கிலேயரான ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் (1823–1913).

பெட்டியில் அடங்கும் உழைப்பு

வாலஸ் செல்வர் வீட்டுப் பிள்ளையல்லர். தாம் சேகரித்தவற்றை இலண்டனில் இருந்த சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்னும் முகவர் வழியே விற்று, அப்பணத்தில் பயணம் செய்தவர். 1848இல் தென்னமெரிக்காவின் அமேசான் காடுகளுக்குச் சென்று நான்காண்டுகள் உழைத்தார். 1852 ஆகஸ்டில் தாயகம் திரும்பும் வழியில் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த பூச்சிகளும் பறவைகளும் குறிப்புகளும் சாம்பலாயின. அவரும் பிறரும் சிறு படகுகளில் பத்து நாள்கள் தத்தளித்துப் பின் வேறொரு கப்பலால் மீட்கப்பட்டனர். மற்றொருவராயின் இத்தொழிலையே வெறுத்திருப்பார். வாலஸோ ஈராண்டு கழித்து, 1854இல், சிங்கப்பூரில் வந்திறங்கினார்.

அதன்பின் எட்டாண்டுகள் மலாய்த் தீவுக்கூட்டத்தில் ஏறத்தாழ 14,000 மைல் அலைந்தார். அவர் தரும் கணக்கின்படி சேகரித்தவை மொத்தம் 1,25,660. அவற்றுள் வண்டினம் 83,200, வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் 13,100, பறவைகள் 8,050.

இவ்வெண்களை வாசிப்பது எளிது. ஒரே ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பெட்டியில் சேர்க்க என்னென்ன செய்ய வேண்டும் என்று எண்ணிப் பார்ப்போம். வலையில் அகப்பட்டதும் இறக்கை அடித்துக் கெடுவதற்குள் மார்புப் பகுதியை விரலால் அழுத்தி உயிரை அடக்க வேண்டும். முக்கோணமாக மடித்த காகித உறையில் இறக்கைகளை மூடியபடி வைக்கலாம். உலர்ந்து விறைத்துவிட்டால் ஈரப்பதமுள்ள மூடிய பாத்திரத்தில் வைத்துத் தளர்த்த வேண்டும். பின்னர் மார்பின் நடுவே ஊசி செலுத்தி, நடுவில் பள்ளமுள்ள பலகையில் உடலை இருத்தி, இறக்கைகளை இருபுறமும் விரித்து, காகிதப் பட்டைகளால் அழுத்தி நிறுத்துவர். உலர்வதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். இறக்கையில் விரல் பட்டால் அதன் வண்ணம் பொடியாக விரலோடு வந்துவிடும். அப்பொடியோ நுண்ணிய செதில்களேயாகும். உலர்ந்த பின்பும் எறும்பு, சிறு வண்டு, பூஞ்சணம் ஆகியவை பகைகளாகும். ஆதலால் கற்பூரமோ அந்துருண்டையோ இட்டுக் காப்பர். நியூகினியில் வாலஸ் தங்கியபோது, வேலை செய்யும் மேசைமேலேயே எறும்புகள் ஏறி அவர் கண்ணெதிரில் பூச்சிகளை இழுத்துச் சென்றன.

1855இன் இறுதியில் சரவாக்கிலுள்ள மலையொன்றின்மேல் ராஜா ப்ரூக்கின் சிறு குடிலில் வாலஸ் தங்கினார். இரவில் வெள்ளைச் சுவருடைய திண்ணையில் விளக்கை வைத்துக் காத்திருந்தார். 26 இரவுகளில் 1,386 அந்துப்பூச்சிகள் கிடைத்தன. அவற்றுள் 800க்கும் மேற்பட்டவை மழை கொட்டிய நான்கு காரிருள் இரவுகளில் மட்டும் வந்தவை என்று எண்ணிக் குறித்து வைத்தார். நிலா வெளிச்சமுள்ள தெளிந்த இரவில் விளக்கை நாடி வருவன மிகக் குறைவு என்னும் உண்மை அவ்வெண்களிலிருந்து வெளிப்பட்டது. கவிஞர்கள் காலங்காலமாகப் பாடிய விளக்கையும் விட்டிலையும் இவர் கணக்கேட்டில் வைத்துப் பார்த்தார்.

1859இல் பாச்சான் தீவில் நிகழ்ந்ததையும் கூற வேண்டும். அத்தீவில் முன்பே கண்ணில் பட்டுத் தப்பிய பெரியதோர் இனத்தின் ஆண் பூச்சி, பல வாரக் காத்திருப்புக்குப்பின் அவர் வலையில் வீழ்ந்தது. கறுப்புப் பட்டுப் போன்ற இறக்கை. அதில் நெருப்பைப் போன்ற செம்மஞ்சள். விரித்தால் ஏழு அங்குலத்துக்கும் மேல். அதைக் கையில் எடுத்தபோது நெஞ்சு படபடத்து மயக்கம் வரும்போல் ஆயிற்றென்றும், அன்று முழுவதும் தலைவலி நீங்கவில்லையென்றும் அவர் எழுதினார். பழங்காலத்துச் செல்வ மன்னன் குரோசஸின் பெயரை அப்பூச்சி பெற்றது.

சீட்டும் இஸ்னாதும்

ஆனால் இக்கலையின் உயிர்நிலை இறக்கையின் அழகில் இல்லை. ஊசியின் அடியில் செருகப்படும் சிறு சீட்டில் உள்ளது. எந்த இடம், எந்த நாள், யார் பிடித்தார் என்னும் மூன்றும் அதில் இருக்க வேண்டும். சீட்டில்லாத பூச்சி எவ்வளவு அழகாயினும் அலங்காரப் பொருளேயன்றி அறிவுக்கு உதவாது. பாலிக்கும் லொம்போக்குக்கும் இடையே உள்ள குறுகிய கடல், ஆசிய உயிரினங்களையும் ஆஸ்திரேலிய உயிரினங்களையும் பிரிக்கும் எல்லை என்பதை வாலஸ் 1859இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். ஒவ்வோர் உயிரும் எந்தத் தீவிலிருந்து வந்ததென்று குறித்து வைக்காவிடில் அவ்வெல்லை புலப்பட்டிருக்காது. உயிரினங்கள் மாறுவது பற்றி அவரும் டார்வினும் கூறிய கொள்கையின் வாதங்கள் ஈண்டு நம் பொருளல்ல. இந்தச் சீட்டே நம் பொருள்.

மதரஸாவில் பயின்ற எனக்கு இச்சீட்டைக் காணுந்தோறும் ஹதீஸ் கலை நினைவுக்கு வருகிறது. மத்ன் எவ்வளவு இனிய சொல்லாயினும், அதை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் இஸ்னாத் இல்லையேல் முஹத்திஸ்கள் அதை ஏற்கமாட்டார்கள். தொடரில் ‘ஒரு மனிதர் சொன்னார்’ என்று பெயரின்றி ஒருவர் வந்தால் அவரை ‘முப்ஹம்’ என்பர், அத்தொடர் பலமிழக்கும். அவர் பொய்யர் என்பதன்று காரணம். அவர் யாரென்று தெரியாதபோது அவரை எடைபோடவும் இயலாது, அவருக்குரிய சிறப்பைத் தரவும் இயலாது.

இதனை மனத்திற்கொண்டு வாலஸின் பெட்டிகளைப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது: இவையனைத்தையும் பிடித்தவர் அவர் ஒருவர்தாமா?

அலீ என்னும் இளைஞர்

அல்லர். சரவாக்கில் சிமுன்ஜோன் என்னுமிடத்தில் பூச்சி ஒன்றுக்கு ஒரு சென்ட் வீதம் தருவதாக அறிவித்து, அங்கிருந்த தயாக் மக்களிடமும் சீனத் தொழிலாளர்களிடமும் அவர் பெற்றவை பல. அவர்களின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை. பெயர் எட்டியவர்களுள் முதன்மையானவர் சரவாக்கைச் சேர்ந்த அலீ என்னும் மலாய் இளைஞர். ஏறத்தாழப் பதினைந்து வயதில் சமையற் பணிக்கு வந்து சேர்ந்தவர். வாலஸுக்கு மலாய் பேசப் பழக்கியவர், படகு செலுத்தியவர், காய்ச்சலில் கிடந்தபோது பேணியவர். நாளடைவில் பறவைகளைச் சுடவும், தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுத் தேர்ந்து, பிறருக்கும் கற்பிக்கும் நிலைக்கு உயர்ந்தார். சுல்தான்கள் ஆண்ட தெர்னாத்தே தீவில் மணம்புரிந்தார். அதன்பின்பும் பயணத்தைக் கைவிடவில்லை. வாலஸின் பறவைத் தொகுப்பில் பெரும்பகுதி இவர் கைப்பட்டதென அண்மைக்கால ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். பறவையின் பொறுப்பை அலீ ஏற்றதனாலன்றோ வாலஸ் வலையேந்தி வண்ணத்துப்பூச்சியின் பின்னே ஓட முடிந்தது!

1858இல் பாச்சான் தீவில் வேட்டைக்குச் சென்று திரும்பிய அலீ, இடுப்பில் தொங்கிய பறவைகளுள் ஒன்றை எடுத்துக் காட்டினார். இரு தோள்களிலும் ஈரிரண்டு நீண்ட வெண்சிறகுகள் நீட்டி நிற்கும் அதனை அறிவுலகம் அதுவரை அறிந்ததில்லை. அடுத்த ஆண்டு இலண்டன் அறிஞர் ஜார்ஜ் ராபர்ட் கிரே அதற்குச் சூட்டிய பெயரில் ‘வாலஸ்’ என்னும் சொல் இடம்பெற்றது. கண்டெடுத்த அலீயின் பெயர் இடம்பெறவில்லை.

இதனால் வாலஸை நன்றி கொன்றவர் என்று தூற்றுவது நீதியாகாது. தம் நூல்களில் அவர் அலீயைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அப்பறவையை முதலில் கொண்டுவந்தவர் அலீ என்பதையும் மறைக்கவில்லை. 1862இல் சிங்கப்பூரில் பிரியும்போது பணத்துடன் தம் இரண்டு துப்பாக்கிகளையும் எஞ்சிய பொருள்களையும் கொடுத்து, அவரை ஒரு நிழற்படமும் எடுக்கச் செய்தார். 1905இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அப்படத்தைச் சேர்த்தார். அன்று இந்தளவு செய்தவர்களே மிகச் சிலர். எனினும் அறிவுலகம் போற்றிக் காப்பது பெட்டியையும் சீட்டையும் இனப்பெயரையும்தாம்; அவற்றில் ஒரே பெயர் நிலைத்தது.

1907இல் அமெரிக்க அறிஞர் தாமஸ் பார்பர் தெர்னாத்தே சென்றபோது, முதியவர் ஒருவர் எதிர்ப்பட்டுத் தம்மை ‘அலீ வாலஸ்’ என்று அறிமுகம் செய்துகொண்டார். பார்பர் அச்செய்தியை எழுதியனுப்ப, முதுமையில் இருந்த வாலஸ் மகிழ்ந்து விடையெழுதினார். அரைநூற்றாண்டுக்கு முந்தைய உழைப்பை நிலைநாட்ட அம்முதியவரிடம் சீட்டில்லை, பெட்டியில்லை. ஆதலால் தம் பெயரோடு அடுத்தவர் பெயரை இணைத்து, தமக்குத் தாமே ஒரு சீட்டு எழுதிக்கொண்டார் போலும்! இதைப் படிக்குந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

நமக்குரிய பாடம்

வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி, எந்தப் பயனும் கருதாது தன்னைக் கொன்றானென்று மறுமையில் முறையிடும் என்னும் கருத்தமைந்த ஹதீஸ் உண்டு. வீணையும் பயனையும் பிரிக்கும் கோடு இப்பொழுதுபோக்கில் எங்கே உள்ளது? என் சிற்றறிவுக்கு எட்டியவரை, அது அந்தச் சீட்டில்தான் உள்ளது. இடமும் நாளும் குறிக்கப்பட்ட உயிர் நூறாண்டு கழித்தும் அறிவு தருகிறது. குறிக்கப்படாதது வெறும் விளையாட்டுக்காக மாய்ந்ததாகும். இன்றோ கொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பட்டியல்களில் உள்ள வண்ணத்துப்பூச்சிகளைப் பிடிப்பது குற்றமுமாகும். கேமராவும் ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும். எந்தச் செடியில் முட்டையிட்டது, புழு எதைத் தின்றது, கூடு பிளந்து எந்நாளில் வெளிவந்தது என்று குறிக்கும் பிள்ளை, ஊசி குத்தும் பிள்ளையைக் காட்டிலும் மிகுதியாகக் கற்கும்.

வாசகப் பெருமக்களே! உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதில் ஆர்வங்கொண்டால் தடுக்காதீர்கள். குறிப்பெழுதும் பழக்கத்தைக் கற்பியுங்கள். இடம் எழுதட்டும், நாள் எழுதட்டும். முதலில் கண்டவர் யாரோ அவர் பெயரையும் விடாமல் எழுதட்டும். தோட்டக்காரர் காட்டியிருந்தால் தோட்டக்காரர் பெயர். வேலைக்கு வரும் அம்மாள் காட்டியிருந்தால் அவர் பெயர்.

அன்று அம்மாணவனிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, வீட்டில் கேட்டு எழுதிவரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தான். கிழிந்த இறக்கையின் கீழே, கொல்லைப்புற முருங்கை மரத்தடி என்றும், வியாழக்கிழமை அஸருக்குப் பின் என்றும் எழுதியிருந்தது. அதன் கீழே அவன் லாத்தாவின் பெயர் இருந்தது.