விசா இல்லாத வழியும் சந்தேகத்தின் வாசலும்

கோப்பாயில் நின்றால் ஒரு வீதி பருத்தித்துறைக்குப் போகும், மற்றது கடல்நீரேரியைத் தாண்டிக் கைதடிக்குப் போகும். முந்தின காலத்தில் பருத்தித்துறையிலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும் அக்கரைக்குப் போயிட்டு வாறது அயலூருக்குப் போறது மாதிரித்தான். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியது. காயல்பட்டினம், கீழக்கரை வணிகர்களும் எங்கட சோனகத் தெரு ஆக்களும் உறவையும் வியாபாரத்தையும் இந்தக் கடல்வழியிலேயே வளர்த்தார்கள். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்ததும் அந்தத் தாராளம் முடிந்தது.

விசாவை எடுத்துவிட்டால் சோதனை இல்லாமல் போய்விடாது; இடம் மாறும். தூதரகத்தில் நடந்தது பயணிகள் பட்டியலுக்கும் கைரேகைக்கும் இணையவழி முன்னனுமதிக்கும் போகும். அமெரிக்கா 2009 ஜனவரியிலிருந்து விசா விலக்குள்ள நாட்டவருக்கும் முன்னனுமதியைக் கட்டாயமாக்கியது. பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு, 2015 டிசம்பரில், இன்னும் இறுக்கியது. 2011 மார்ச்சுக்குப் பின் ஈராக், சிரியா, ஈரான், சூடான் போய்வந்தவர்களுக்கும், அந்நாடுகளின் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு இல்லையென்றது. போய்வந்ததைக் கேட்பது ஒன்று. பெற்றோர் வழி வந்த குடியுரிமைக்காகத் தடுப்பது வேறொன்று.

எங்கட நாட்டிலும் இது நடந்தது. 2019 மே 1 முதல் 39 நாட்டவருக்கு இலவச விசா என்று அரசு அறிவித்திருந்தது. ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஏப்ரல் 25இல் அது நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 1இல் 48 நாடுகளுக்கென மீண்டும் வந்தது. இடையில் வெளிநாட்டார் 600 பேரளவில் வெளியேற்றப்பட்டார்கள்; அவர்களில் சுமார் 200 பேர் மௌலவிமார் என்றும், விசாக் காலம் கடந்து தங்கியவர்கள் என்றும் அமைச்சர் சொன்னார். ஆனால் தற்கொலைக் குண்டுதாரிகள் எல்லாரும் இலங்கையர். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோட்டை விட்டது விமான நிலைய வாசலில் அல்ல, கையில் கிடைத்த தகவலில்.

ஆளைப் பார்த்துச் சோதித்தால் என்ன நடக்கும் என்பதை வடக்கு முஸ்லிம்கள் அறிவார்கள். 1990 ஒக்டோபர் 30இல் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து வெளியேற்றினார்கள். வழியில் மறித்துப் பணத்தையும் நகையையும் பறித்தார்கள். ஒருவரிடமும் நீ என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் நாவற்குழியாலும் கோப்பாய் – கைதடி வீதியாலும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள்.

இப்போது பலாலியில் விமானம் இறங்குகிறது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தது. இரண்டிலும் சோதனை வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அது எல்லாருக்கும் ஒரேமாதிரி இருக்கவேணும். தடுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கவேணும். முறையிட இடமும் இருக்கவேணும். தாடியும் பெயரும் தகவல் ஆகாது. அதையே தகவலென்று நம்பும் அதிகாரி, மெய்யான எச்சரிக்கை மேசைக்கு வரும்போது கவனிக்காமல் விடுவார். 2019இல் அதற்கு விலை கொடுத்தது தேவாலயத்தில் தொழுதுகொண்டிருந்த சனம்.