இணைய வடிகட்டியின் கதை: சாவி யார் கையில்?

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பயன்படுத்தியவர்களுக்கு 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' பெட்டி நினைவிருக்கும். அதில் 'கன்டென்ட்' என்ற பக்கத்தைத் திறந்தால் 'கன்டென்ட் அட்வைசர்' என்று ஒரு வசதி இருக்கும். பிள்ளைகள் எந்த வலைத்தளத்தைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று பெற்றோர் முடிவு செய்வதற்கான வடிகட்டி அது. பலர் அதைத் தொட்டதே இல்லை. ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் அமெரிக்கப் பாராளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் மோதிக்கொண்ட ஒரு பெரிய வரலாறு இருக்கிறது.

சட்டமா, மென்பொருளா?

1995 ஜூலையில் 'டைம்' பத்திரிகை இணையத்தில் பரவும் ஆபாசம் பற்றி அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. அந்தக் கட்டுரை நம்பியிருந்த ஆய்வு குறைபாடுகள் நிறைந்தது என்று நிபுணர்கள் சீக்கிரமே சுட்டிக்காட்டினார்கள். ஆனாலும் அச்சம் பரவிவிட்டது. நெப்ராஸ்கா மாநில செனட்டர் ஜேம்ஸ் எக்ஸன் ஏற்கெனவே கொண்டுவந்திருந்த மசோதாவுக்கு ஆதரவு பெருகியது. 1996 பிப்ரவரி 8 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட, அது சட்டமானது. சிறுவர்கள் பார்க்கும்படி இணையத்தில் ஆபாசமான விஷயங்களை வைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்றது அந்தச் சட்டம்.

அதை எதிர்த்தவர்கள் சொன்ன வாதம் எளிமையானது. எழுதுபவரின் வாயை அடைக்காதீர்கள், படிப்பவரின் கணினியில் வடிகட்டியைப் பொருத்துங்கள் என்றார்கள். அப்போது சர்ஃப்வாட்ச், சைபர் பேட்ரோல், நெட் நானி போன்ற மென்பொருள்கள் கடைக்கு வந்திருந்தன. அவை தப்பும் செய்தன. 'ஜோடிகள்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் கோப்பின் பெயரில் இருந்த ஒரே காரணத்துக்காக, வெள்ளை மாளிகையின் ஒரு பக்கத்தையே சர்ஃப்வாட்ச் 1996-ல் தடுத்தது. அந்த ஜோடிகள் வேறு யாருமல்ல, கிளின்டன் தம்பதியும் துணை அதிபர் அல் கோர் தம்பதியும்தான்!

லேபிள் ஒட்டும் யோசனை

சொற்களைத் தேடித் தடுப்பதைவிட நல்ல வழி வேண்டும் என்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு யோசித்தது. உணவுப் பொட்டலத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிள் ஒட்டுவதுபோல, ஒவ்வொரு வலைப்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு லேபிள் ஒட்டலாம். இதற்காக உருவான பொது முறையின் பெயர் 'பிக்ஸ்'. எது நல்லது, எது கெட்டது என்று பிக்ஸ் சொல்லாது. லேபிளை எப்படி எழுத வேண்டும் என்று மட்டுமே சொல்லும். லேபிளைப் படித்து முடிவெடுப்பது அவரவர் வீட்டுக் கணினி.

1996 ஆகஸ்டில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3.0-ல் மைக்ரோசாப்ட் இதைச் சேர்த்தது. அதுதான் கன்டென்ட் அட்வைசர். மொழி, நிர்வாணம், பாலுறவு, வன்முறை என்று நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை நகர்த்தும் பட்டை. வன்முறையில் 1 என்றால் சண்டை, 2 என்றால் கொலை, 3 என்றால் ரத்தத்தோடு கொலை. பெற்றோர் ஒரு கடவுச்சொல்லை வைத்துப் பூட்டிவிட்டால் முடிந்தது.

1997 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் எக்ஸன் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். பெற்றோர் தாங்களே பயன்படுத்தக்கூடிய மென்பொருள்கள் வந்துகொண்டிருப்பதையும் தீர்ப்பு குறிப்பிட்டது. சட்டம் தோற்றது, வடிகட்டி வென்றது.

ஒரு சின்னக் கட்டம்

ஆனால் வென்ற வடிகட்டி வீட்டில் ஓடவில்லை. காரணம், தங்கள் பக்கத்துக்கு லேபிள் ஒட்டிக்கொண்டவர்கள் மிகச் சிலரே. லேபிள் இல்லாத தளங்களையும் பார்க்கலாமா என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டம் அமைப்புகளில் இருந்தது. அதில் 'டிக்' செய்யாவிட்டால் ஏறக்குறைய முழு இணையமும் மூடிக்கொள்ளும். செய்தாலோ, லேபிள் ஒட்டாத ஆபாசத் தளமும் தாராளமாகத் திறக்கும். நடுவழியே இல்லை.

செய்தித் தளங்களுக்கு வேறு சிக்கல். ஒரு போரைப் பற்றிய செய்திக்கு வன்முறை எண் எத்தனை போடுவது? 1997-ல் அமெரிக்காவின் முக்கியச் செய்தித் தளங்கள் பல, எண் போட முடியாது என்று மறுத்துவிட்டன. அவர்கள் மறுத்தது நியாயம்தான். ஆனால் அதோடு லேபிள் திட்டத்தின் முதுகெலும்பும் முறிந்தது.

கடவுச்சொல்லை மறந்த பெற்றோர் பட்ட பாடு தனிக் கதை. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு பதிவை அழித்தால் பூட்டு கழன்றுவிடும். அந்த வழி பெற்றோருக்குத் தெரிந்ததோ இல்லையோ, பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது!

சாவி கை மாறியது

2000 டிசம்பரில் வேறொரு சட்டம் வந்தது. இணைய வசதிக்காக மத்திய அரசின் உதவி பெறும் நூலகங்களும் பள்ளிகளும் எல்லாக் கணினிகளிலும் வடிகட்டி பொருத்தியே ஆக வேண்டும் என்றது அது. பெரியவர் ஒருவர் கேட்டால் நூலகர் அதை அணைத்துத் தரலாம். 2003 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் இதை ஏற்றுக்கொண்டது. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது என்பது ஒரு சட்டப் பிரச்சினை அல்ல என்பது தலைமை நீதிபதி ரென்குவிஸ்டின் கருத்து. தன் உடல்நலம் பற்றி ரகசியமாகத் தேட வந்தவர் எல்லோர் முன்னிலையிலும் நூலகரிடம் போய்க் கேட்பாரா?

எதிர்த்த மூவரில் ஒருவர் யார் தெரியுமா? 1997 தீர்ப்பை எழுதிய அதே ஸ்டீவன்ஸ்! அவர் மாறவில்லை, வடிகட்டியின் சாவிதான் கை மாறியிருந்தது. 1997-ல் அது பெற்றோரிடம் இருந்தது. 2003-ல் அரசு சொல்லி நூலகர் வைத்திருந்தார்.

சீனா இன்னும் ஒரு படி மேலே போனது. 2009 ஜூலை 1 முதல் விற்கும் ஒவ்வொரு கணினியோடும் 'கிரீன் டேம்' என்ற வடிகட்டி வர வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆபாசச் சொற்களோடு அரசியல் சொற்களும் தடைப் பட்டியலில் இருந்தன. வெளியாட்கள் கணினியைக் கைப்பற்றக்கூடிய ஓட்டைகளும் இருந்தன. எதிர்ப்பு வலுத்ததால், தொடங்குவதற்கு முந்தைய நாள் உத்தரவு தள்ளிவைக்கப்பட்டது.

முடிவாக

கன்டென்ட் அட்வைசர் இன்று இல்லை. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே விடை கொடுத்துவிட்டது. இப்போது பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு, நேரக் கட்டுப்பாடு என்று வசதிகள் எவ்வளவோ பெருகிவிட்டன. ஆனால் கேள்வி பழையதுதான். ஒரு வடிகட்டி நல்லதா கெட்டதா என்பதை அது எதைத் தடுக்கிறது என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தக் கட்டத்தில் 'டிக்' செய்தது யார், அதை எடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அடுத்த முறை அமைப்புகள் பக்கத்தைத் திறக்கும்போது, ஏற்கெனவே 'டிக்' செய்யப்பட்டிருக்கும் கட்டங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.