குரல் கம்மல் நீடித்தால் அலட்சியம் வேண்டாம்

குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியல்ல, குரல் கம்முவதுதான்.

ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடரிக்குக்கு 1887-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குரல் கம்மியது. ஜெர்மன் மருத்துவர்கள் புற்றுநோய் என்று சந்தேகித்து அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமானார்கள். ஆனால் திசுப் பரிசோதனையில் புற்றுநோய் தென்படாததால் அது கைவிடப்பட்டது. நவம்பரில் நோய் உறுதியானது. 1888 பிப்ரவரியில் மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தினார்கள். மார்ச்சில் பேரரசரான அவர், சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். 99 நாட்கள் ஆண்டு மரணித்தார்.

இன்று ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கதிர்வீச்சு அல்லது லேசர் சிகிச்சையில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள், குரலும் தப்புகிறது. ஆகவே மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செல்வோம். ஒருமுறை 'ஒன்றுமில்லை' என்று முடிவு வந்தாலும், கம்மல் தொடர்ந்தால் மீண்டும் காட்டுவோம். புகைப்பழக்கத்தை இன்றே விடுவோம்.