எழுதப்படாத ஏழாம் இயல்

நம் உரையாசிரியர்கள் நூற்பொருளை விளக்குமிடத்துத் தடை எழுப்பி விடை காண்பர். தடை எழுப்புவோன் நூலுக்குப் பகைவன் அல்லன். பொருள் தெளிவுபெற அவனே துணையாவான். பொதுவுடைமைக் கோட்பாட்டு நூலொன்றையும் அம்முறையில் அணுகலாம்.

லெனின் 'அரசும் புரட்சியும்' என்னும் நூலை 1917 ஆகஸ்ட், செப்டம்பர்த் திங்களில் தலைமறைவாக வாழ்ந்தபோது எழுதினார். 1871இல் எழுந்த பாரிஸ் கம்யூனைப் பற்றி மார்க்ஸ் கூறியவற்றை அந்நூல் அடித்தளமாகக் கொள்கிறது. அதிகாரிகள் தேர்ந்தெடுக்கப்படுவர், எப்போதும் திரும்பப் பெறத்தக்கவராவர், தொழிலாளியின் ஊதியமே பெறுவர். வர்க்கங்கள் மறைய, அரசும் உதிர்ந்துவிடும். அதுவரை பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம் நிலவும். இக்கனவில் நெஞ்சைப் பறிகொடாதார் அரியர்.

இடைக்காலத்து அதிகாரம் பெற்றோர் அதனைத் தாமே கைவிடுவர் என்பதற்கு உறுதி யாது? இத்தடையை 1873இலேயே பக்கூனின் எழுப்பினார். மார்க்ஸ் அவர் நூலைப் பயின்று மறுப்புக் குறிப்புகளும் எழுதினார். எனவே இது முதலாளியத்தார் புனைந்த வினா அன்று.

1905, 1917ஆம் ஆண்டுப் புரட்சிகளின் பட்டறிவை ஆராய ஏழாம் இயல் ஒன்றை லெனின் திட்டமிட்டிருந்தார். புரட்சிச் சூழல் குறுக்கிட்டமையால் அது எழுதப்படவில்லை. எழுதாதுவிட்ட அவ்வியலை வரலாறு எழுதியது. 1917 டிசம்பரில் 'சேக்கா' என்னும் இரகசியக் காவல்துறை தோன்றியது. அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் போல்ஷ்விக்குகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்குகளே பெற்றனர். 1918 ஜனவரியில் ஒரே அமர்வோடு அச்சபை கலைக்கப்பட்டது. 1921 மார்ச்சில், சோவியத்துகளுக்கு மறைவாக்கெடுப்பில் புதிய தேர்தல் கேட்ட குரோன்ஸ்டாட் கடற்படையினர் படைவலியால் ஒடுக்கப்பட்டனர். அரசை வலுப்படுத்துவதே அது உதிர்வதற்கு வழி என 1930இல் ஸ்டாலின் விளக்கமளித்தார். 1991இல் சோவியத் அரசு கலைந்தது. உதிர்ந்தது எனல் பொருந்தாது.

உள்நாட்டுப் போரும் அயலார் படையெடுப்புமே இவற்றுக்குக் காரணம் என்பர். அவ்விடையில் உண்மை உண்டு, முழுமை இல்லை. சேக்காவும் சபைக் கலைப்பும் போர் பரவுவதற்கு முன்னரே நிகழ்ந்தவை.

இத்தடையை எழுப்பியோருள் புரட்சியை நேசித்தோரும் உளர். ரோசா லக்சம்பர்க் 1918இல் சிறையிலிருந்து எழுதிய திறனாய்வு, மாற்றுக் கருத்தினர்க்கும் உரிமை வேண்டும் என வற்புறுத்தியது. 1919 ஜனவரியில் அவர் கொலையுண்டார். நூல் 1922இல் வெளிவந்தது. தமிழிலும் ஒருவர் உண்டு. 'புதிய ருஷியா' பாடி ஜாரின் வீழ்ச்சியைக் கொண்டாடிய பாரதி, 'செல்வம்' என்னும் கட்டுரையில் லெனினின் வன்முறை வழியை ஏற்க மறுத்தார். பாடிய நாவே மறுக்கவும் துணிந்தது.

சமத்துவக் கனவைப் பாடுவது கவிஞர் கடன். அதன் பெயரால் அதிகாரம் கொள்வோரை யார் தட்டிக் கேட்பது என வினவுவதும் அக்கடனின் பகுதியே. அவ்வினாவிற்கு இடந்தராத கோட்பாடு எத்துணை அழகியதாயினும் உரை பெறாத மூலமாகவே நின்றுவிடும்.