பிதி என்னும் நடுநிலம்

இமாச்சலப் பிரதேசத்தின் வடகிழக்கே, திபெத்து எல்லையை ஒட்டி, நாலாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த குன்சும் கணவாய்க்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மணாலி வழியாகப் போகும் பாதையைப் பனிக்காலம் மாதக்கணக்கில் மூடிவிடும். வரைபடங்களில் அதன் பெயர் ‘ஸ்பிதி’. அங்கே பிறந்தவர்கள் சொல்லும் பெயர் ‘பிதி’. எழுத்தில் நிற்கும் ஸகரம் நாவில் ஏன் இல்லை என்று கேட்பதே, சொல்லை நேசிக்கும் நமக்கு அந்தப் பள்ளத்தாக்கின் முதல் வாயில்.

திபெத்திய எழுத்தில் இப்பெயரைத் தீட்டும்போது, ஸகரத்தை மேலே ஏற்றிப் பகரத்தை அதன் அடியில் அமைத்து, இரண்டுக்கும் மேலாக இகரக் குறியை வளைத்து, பிறகு ‘தி’யை எழுதுகிறார்கள். நாம் புள்ளியிட்டுக் காட்டும் மெய்யை அவர்கள் அடுக்கிக் காட்டுகிறார்கள். அவ்வெழுத்து 7ஆம் நூற்றாண்டில் அமைந்தது. அன்றைய ஒலியைப் பிடித்துவைத்த எழுத்து அப்படியே நிற்க, பேச்சு மட்டும் பல நூற்றாண்டுகள் நடந்து தேய்ந்து இளகியது. விண்மீனுக்கு அவர்கள் எழுதும் சொல் ‘ஸ்கர்மா’; லடாக்கில் இன்றும் அந்த ஸகரம் ஒலிக்கிறது, லாசாவிலோ அது ‘கர்மா’தான். பிதி மக்களின் நாவும் லாசாவின் பக்கமே சாய்ந்தது.

இந்த உதிர்தல் தமிழுக்குப் புதிதா? ஸ்தலம் நம்மிடம் வந்து தலம் ஆயிற்று; ஸ்கந்தன் கந்தன் ஆனான்; ஸ்படிகம் படிகமாய்த் தெளிந்தது. மெய்யெழுத்துத் தனித்து மொழிக்கு முதலில் நில்லாது என்பது நம் மொழியின் இயல்பு. வடசொல் வருமானால் வடவெழுத்தை நீக்கிக்கொண்டு வரட்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அந்நெறிப்படி ‘ஸ்பிதி’யைத் தமிழாக்கினால் கிடைப்பது ‘பிதி’. அவர்களுக்குக் காலம் செய்ததை நமக்கு இலக்கணம் செய்கிறது. இரண்டும் வந்து சேரும் இடம் ஒன்றே. இதைக் கண்டு மகிழாதிருக்க என்னால் முடியவில்லை.

இந்தியில் ஈகாரமிட்டு ‘ஸ்பீதி’ என்று எழுதுவதைப் பார்த்து நாமும் நெடிலாக்கினால், ஸகரம் உதிர்ந்தபின் மிஞ்சுவது ‘பீதி’, அதாவது அச்சம். அந்த வேண்டாத பொருளைக் குறில் காக்கிறது. தகரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு உயிர்களின் நடுவே ஒற்றைத் தகரம் நம் வாயில் மென்மையாகும். பிதி மக்களின் தகரமோ வன்மையானது. அதைக் காக்க இரட்டித்துப் ‘பித்தி’ என்றால், நம் அகராதியில் அதற்குச் சுவர் என்று பொருள். தற்செயல்தான், ஆனாலும் அந்தப் பள்ளத்தாக்கின் பெரும் பெருமை தாபோ மடாலயத்தின் மண்சுவர்களும் அவற்றில் தீட்டிய ஓவியங்களுமே. தாபோ எழுந்தது 996இல். அப்போது தஞ்சையை ஆண்டவன் முதலாம் இராசராசன். அவன் பெரிய கோயில் 1010இல் நிறைவேறியது.

இனிப் பொருளுக்கு வருவோம். பிதி என்றால் ‘நடுநிலம்’, இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே கிடக்கும் நாடு என்பது எங்கும் வழங்கும் விளக்கம். சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் இடைப்பட்டதை நடுநாடு என்று அழைத்த நமக்கு இது உடனே இனிக்கும். ஆனால் நடுவுக்குத் திபெத்தியத்தில் வழங்கும் சொல் ‘ஊ’. லாசாவைச் சூழ்ந்த நடுத் திபெத்துக்கு அதுவே பெயர். ‘பிதி’யில் அவ்வொலி இல்லை. ஆகவே இவ்விளக்கம் சொல்லின் வேரைவிட, நிலம் கிடக்கும் கிடையையே நன்றாகக் காட்டுகிறது.

ஒலி ஒத்ததனாலேயே உறவு சொல்லிவிடுவதும் தவறு. வறுத்த வாற்கோதுமை மாவுக்கு அங்கே ‘சம்பா’ என்று பெயர். காவிரிக்கரையில் சம்பா நெல்லை நட்டு வளர்த்தவர் காதில் அச்சொல் விழுந்தால் உள்ளம் துள்ளும். இரண்டும் உணவு, இரண்டும் அந்தந்த மண்ணின் உயிர், உச்சரிப்பும் ஏறத்தாழ ஒன்று. ஆயினும் அங்கே எழுத்தில் ஒலிக்காத ஒரு ரகரம் தலைமேல் நிற்கிறது. அதன் வழி வேறு, நம் சம்பாவின் வழி வேறு. இரண்டையும் தனித்தனியே சுவைப்பதே சொல்லாராய்ச்சியின் நேர்மை.

மாவட்டத்தின் பெயராக லாஹௌல்–ஸ்பிதி என்று அரசு எழுதட்டும். பயணக் கட்டுரையிலும் பாடநூலிலும் நாம் பிதி என்று எழுதலாம் என்பது என் துணிபு. தஞ்சாவூரை ‘டாஞ்சூர்’ என்றும் திருச்சிராப்பள்ளியை ‘டிரிச்சினாப்பள்ளி’ என்றும் பிறர் எழுதக் கண்டு மனம் கசந்தவர்கள் நாம். ஓர் ஊரின் பெயரை அவ்வூரார் வாயிலிருந்து கேட்டு எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. அதைச் செய்யத் தமிழ் தன் இயல்பில் ஓர் இம்மியும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.